அலுமினியத் துண்டுக்கு அடியில்

நகரியில் விசைத்தறிக்காரனுக்கு நூலை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நெய்து முடித்த துணியையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். இடையில் குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் முதலாளி தறிக்காரன் முகத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்ப்பார். பாலசுந்தரத்தின் மகள் கலைவாணி அந்தப் பார்வைக்கு நடுவில் வளர்ந்தவள்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது ஒரு சித்திரை மாதம் வெயில் கொளுத்தி எடுத்தது. ஷெட்டில் நூல் காய்ந்து, துணி எடையில் முக்கால் கிலோ குறைந்தது. நூல் காய்ந்தால் எடை குறையும் என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு குறையும் என்று யாருக்கும் தெரியாது. காணிப்பாக்கம் போய்க் குளத்தில் முழுகி, பிள்ளையார் முன்னால் ஈரத்துணியோடு சத்தியம் செய்துவிட்டு வா, பேச்சு முடிந்துவிடும் என்றார் முதலாளி. சித்தூர் ஜில்லாவில் அது சாதாரண நடைமுறை. காணிப்பாக்கத்தில் பொய் சத்தியம் செய்தவன் தேறமாட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாலசுந்தரம் போனார், முழுகினார், உண்மையைச் சொன்னார். முதலாளியும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷம் வேறு ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனபோது, "நூல் விஷயத்துல காணிப்பாக்கத்துல முழுகினது நீதானே?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்தக் கேள்வி அவருக்கு முன்னால் போய் நின்றது.

கலைவாணி பத்தாவது வரை தமிழில் படித்தாள். அப்புறம் திருப்பதியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அங்கே பாடம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் நடந்தது. தெலுங்கு எழுத்து அவளுக்குத் தாமதமாக வந்ததால் எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அண்ணன் தடாவுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். அவள் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தாள். காலையில் நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, சாயந்தரம் அதே வழியில் திரும்புவாள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

சர்வீஸ் கடைக்கும் தறி ஷெட்டுக்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை. பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் முழுசாகக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஹார்டு டிஸ்க்கின் மேல் மார்க்கரால் கையெழுத்துப் போடுவார்கள். கேபினட் திருகாணியின் மேல் முடி ஒன்றை வைத்து ஒட்டிவிட்டுப் போன வாத்தியார் ஒருவர் உண்டு. நாம் கண்மூடினால் நல்லதை உருவிக்கொண்டு கெட்டதை வைத்துவிடுவார்கள் என்று திருப்பதியில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. கலைவாணிக்கு இதில் வருத்தம் கிடையாது. அவளும் அப்படித்தான் மனிதர்களைப் பார்ப்பாள். கடை முதலாளி வெங்கடரமணன் உட்பட.

வெங்கடரமணன் கெட்டவர் என்று சொல்ல ஏதுமில்லை. நல்லவர் என்று சொல்லவும் அவளிடம் சாட்சி இல்லை. அவர் பழைய சாமான் வாங்குவார், புதுசு போலத் துடைத்து விற்பார், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பார்.

அது எல்லோர் கைக்கும் போனிலேயே இன்டர்நெட் வந்துவிட்ட காலம். நெட் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடத்தைக் கல்யாண வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். திருமலை, காணிப்பாக்கம், திருச்சானூர் என்று முகூர்த்த நாள் ஒன்றுக்கு எத்தனை கல்யாணம்! அத்தனையையும் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெரிய டிவியில் பளிச்சென்று தெரிகிற மாதிரி செய்து கொடுக்கவேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டோ, மணிக்கணக்கில் ஓடவிட்டால் சூடேறிப் படுத்துவிடும்.

சித்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்த நாகையாவின் கார்டும் அப்படித்தான் வந்தது. அது அவருடைய மைத்துனன் சுரேஷ்பாபு அமெரிக்காவிலிருந்து வரும்போது துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தது. கெட்டால் இங்கே மாற்றித் தர ஆள் இல்லை. நாகையா ஒரு திங்கட்கிழமை அதை வெங்கடரமணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கலைவாணி அப்போது கடையில் இல்லை, சாப்பிடப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் மேஜைத் தட்டில் மூன்று கார்டுகள் இருந்தன. ஒன்றைக் காட்டி, இது சித்தூர் நாகையாவுடையது என்றார் வெங்கடரமணன்.

அவள் அதை மாட்டி ஓடவிட்டு, வெப்பம் பார்க்கிற துப்பாக்கியை அங்கங்கே காட்டினாள். நடுவில் இருக்கிற பெரிய சிப்பின் மேல் மின்விசிறி இருக்கிறது, அதற்குக் குறையில்லை. அதைச் சுற்றி நின்ற எட்டு மெமரி சிப்புக்கும், வயர் சொருகுகிற பக்கம் வரிசையாக இருந்த மின்சாரப் பாகங்களுக்கும் காற்றே போகவில்லை. விரல் வைத்தால் சுட்டது. இதற்கு வழி அவளுக்குத் தெரியும். பழைய மதர்போர்டுகளில் கழித்துப்போட்ட அலுமினிய ஹீட்சிங்க்குகளை ஆக்ஸா பிளேடால் சிறு சிறு துண்டாக அறுத்து, அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஒன்று ஒட்டவேண்டும். பல் பல்லாக நிற்கிற அலுமினியம் சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும்.

ஒட்டுவதில்தான் வித்தை. கேபினட்டுக்குள் கார்டு கவிழ்ந்து கிடக்கும். துண்டுகள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டால் சூட்டில் இளகித் துண்டு கீழே விழும். விழுந்த உலோகம் எதன் மேல் விழுகிறதோ அதுவும் போகும். ஆகையால் அவள் இரண்டு ட்யூபிலிருந்து கலக்குகிற கம்மைத்தான் போடுவாள். அது ஒரு முறை இறுகினால் இறுகினதுதான். பிய்த்தால் சிப்பும் சேர்ந்து வரலாம்.

அன்றைக்கு எட்டுச் சிப்பையும் ஸ்பிரிட்டில் துடைத்து ஒட்டினாள். கடைசித் துண்டு மட்டும் மட்டமாக உட்காரவில்லை. ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. தான் அறுத்தது கோணல் என்று நினைத்தாள். எடுத்து மறுபடி தேய்த்திருக்கலாம். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. தூக்கின பக்கம் கொஞ்சம் கூடக் கம் வைத்து அழுத்திவிட்டு, மின்சாரப் பாகங்களின் மேல் நீளத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுக் கிளம்பினாள். கம் காய ஒரு ராத்திரி ஆகும். கடைச் சாவி வெங்கடரமணனிடம் இருந்தது.

மறுநாள் காலை வந்தபோது கடையின் கண்ணாடி அலமாரியில் அதே ஜாதி கார்டு ஒன்று, பெட்டி இல்லாமல் விற்பனைக்கு உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து சார் என்றாள். மூடிப்போன நெட் சென்டர் ஒன்றிலிருந்து என்றார். சிரித்தார்.

அவள் மேலே கேட்கவில்லை. நாகையாவின் கார்டைக் கேபினட்டுக்குள் போடாமல் மேஜை மேலேயே கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. சாயந்தரம் அவர் வந்து வாங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்தார். கார்டைக் கவுண்டரில் வைத்தார். ஸ்டூடியோ கேபினட்டுக்குள் போட்டால் முக்கால் மணிக்கு மேல் தாங்கவில்லை, முன்னைக்கும் இப்போதைக்கும் மாற்றமே இல்லை என்றார். கலைவாணியைப் பார்க்காமல் வெங்கடரமணனிடம் தெலுங்கில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது தன் கார்டுதானா என்று கேட்டார்.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை செய்வது அவர் மனைவி கல்பனா. வேறொரு கடையில் ஒரு முறை ஹார்டு டிஸ்க் மாறிப்போனதிலிருந்து அந்த அம்மாள் எந்தச் சாமானையும் அடையாளம் வைக்காமல் வெளியே அனுப்புவதில்லை. இந்தக் கார்டிலும் ஏதோ ஒரு மெமரி சிப்பின் மேல் அடையாளம் வைத்திருக்கிறாளாம். எந்தச் சிப், என்ன அடையாளம் என்பதை நாகையா சொல்ல மறுத்தார்.

இதுவரை அவளிடம் பேசாதிருந்தவர் அப்போதுதான் கலைவாணி பக்கம் திரும்பினார். தமிழுக்கு வந்தார்.

"எட்டு சிப்புக்கும் மூடி போட்டு வச்சிருக்கியேம்மா. எத மறைக்கிறதுக்கு?"

சூட்டை இறக்கத்தான் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே, அது பதில் மாதிரி இல்லையே என்று அவளுக்கே பட்டது.

வெங்கடரமணன் நாற்காலியை இழுத்துப்போட்டு நாகையாவை உட்காரவைத்தார். எங்க பொண்ணு அப்படிப்பட்டவள் இல்லை என்றார். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் வந்து முழுகிச் சத்தியம் செய்துவிடுவாள், சித்தூரிலிருந்து உங்களுக்கும் பக்கம்தானே என்றார். நாகையா யோசித்துவிட்டுச் சரி என்றார். எத்தனை மணிக்கு, எந்த பஸ் என்பது வரை இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள்.

கலைவாணி கேட்டாள்: "நீங்களும் முழுகுவீங்களா சார்?"

"நான் எதுக்கும்மா? கை வச்சது நீதானே."

அந்தப் பதில் அவளோடு ரயிலில் ஏறிக்கொண்டது. புத்தூர் வரை உட்கார இடமில்லை, நின்றுகொண்டே யோசித்தாள். அவள் எதைச் சத்தியம் செய்வாள்? தட்டில் இருந்த கார்டில் ஒட்டினேன் என்று செய்யலாம். தட்டில் இருந்தது நாகையா கொடுத்ததுதானா? அவர் கொடுத்ததை அவள் பார்க்கவில்லை. ஒட்டின கார்டுதான் மறுநாள் காலை மேஜையில் இருந்தது, அவள் கைவேலை அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் ஒட்டுவதற்கு முன்பே மாறியிருந்தால்? அலமாரியில் உட்கார்ந்திருக்கிற கார்டு ஏன் சரியாக அடுத்த நாள் வந்தது? அந்த ஆள் ஏன் முழுக மாட்டேன் என்கிறார்? இல்லை, நாகையாவே வேறு கார்டைக் கொண்டுவந்து நாடகம் போடுகிறாரா? ரேணிகுண்டாவில் ஆரம்பித்த கேள்வி ஏகாம்பரகுப்பத்திலும் இறங்கவில்லை.

வீட்டில் நைனாவிடம் சொன்னாள். பாலசுந்தரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"போவாத," என்றார். "நான் முழுகினேன். நெசத்ததான் சொன்னேன். நெசம் சொன்னவன்னு இன்னிக்கி வரிக்கும் ஒருத்தனும் சொல்லல. முழுகினவன்னுதான் சொல்லிக்கினு இருக்கான்."

போகாவிட்டால் வேலை போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வேலை போவது கூடப் பரவாயில்லை. திருப்பதியில் சர்வீஸ் கடைகள் எல்லாம் ஒன்றையொன்று தெரிந்தவை. கார்டு மாற்றிய பெண் என்று ஒரு வார்த்தை போதும், எந்தக் கடையிலும் அவளை மேஜையில் உட்காரவைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை அவள் நாகையாவுக்கு போன் செய்து, சத்தியம் வேண்டாம், நீங்கள் வந்து எதிரில் உட்காருங்கள், எட்டு மூடியையும் கழற்றிக் காட்டுகிறேன் என்றாள். சிப் பிய்ந்து வந்தால் கார்டு அதோடு போச்சு என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் அதையும் சந்தேகமாகத்தான் கேட்டார். "என்னுது இல்லன்னா ஒடைஞ்சா எனக்கென்ன. என்னுதா இருந்து ஒடைஞ்சா?"

அதற்கு வெங்கடரமணனே பதில் வைத்திருந்தார். கார்டு உடைந்தாலும் சரி, அடையாளம் இல்லாவிட்டாலும் சரி, திங்கட்கிழமையிலிருந்து நீ வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னார். காணிப்பாக்கம் என்றால் ஒரு முழுக்கோடு முடிந்திருக்கும், நீயாகப் பெரிசு பண்ணுகிறாய் என்றும் சொன்னார். அவள் சரி என்றாள். மத்தியானம் நாகையா கார்டோடு வந்து சேர்ந்தார்.

இறுகின கம்முக்கு ஒரு பலவீனம் உண்டு. கடும் குளிரில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். மாடிக்குக் கீழே செல்லியம்மா கூல் டிரிங்ஸ் கடை வைத்திருந்தாள். கலைவாணி கார்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவில் பிரீஸரில் வைக்கச் சொன்னாள். உள்ளே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று நாகையா பிரீஸர் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஒரு மணி நேரம் நகரவில்லை. நன்னாரி சர்பத் வாங்கிக் குடிக்கும்போதும் ஒரு கை பிரீஸர் மூடியின் மேலேயே இருந்தது.

"பொணத்துக்குக் காவல் நிக்கிற மாதிரி நிக்கிறியேண்ணா," என்றாள் செல்லியம்மா. "நான் ஐஸ்கிரீம் விக்கவா வேணாவா?"

மேலே கொண்டுவந்ததும் கலைவாணி நேரம் கடத்தவில்லை. குளிர் விடுவதற்குள் கழற்றவேண்டும். சிறு குறடால் முதல் துண்டைப் பிடித்தாள். மேலே இழுக்கக்கூடாது, பக்கவாட்டில் திருகவேண்டும். டிக் என்று ஒரு சத்தம். துண்டு கையோடு வந்தது. சிப் இடத்திலேயே இருந்தது. கம்மைச் சுரண்டிக் காட்டினாள். நாகையா குனிந்து பார்த்தார், கார்டைச் சாய்த்துப் பார்த்தார், தலையாட்டினார். இல்லை.

இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஐந்தாவது முடிந்தபோது மறுபடி செல்லியம்மாவிடம் கொடுத்துக் குளிரவைத்தார்கள், நாகையா மறுபடி காவல் நின்றார். ஆறு, ஏழு. ஒன்றிலும் இல்லை. ஒவ்வொரு டிக்குக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

எட்டாவது, அந்த மட்டமாக உட்காராத துண்டு. அவள் அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு விட்டிருந்தாள். கம் கூட வைத்த இடம், பிய்ந்தால் அங்கேதான் பிய்யும்.

"போதும்மா, விட்டுடு," என்றார் வெங்கடரமணன்.

அவள் குறடை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். ஏன் போதும்? அவர் பார்வை கார்டில் இல்லை, கண்ணாடி அலமாரிப் பக்கம் இருந்தது. இல்லை, அவளுக்கு அப்படித் தோன்றியதா?

திருகினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். உள்ளே எதுவோ முறிகிற மாதிரி இருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது துண்டு குறடில் இருந்தது, சிப் கார்டில் இருந்தது. கம் ஒரு பக்கம் கனமாகப் பெயர்ந்து வந்திருந்தது. நாகையா கார்டை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தார். சிப்பின் மூலையில், நேராகப் பார்த்தால் தெரியாத, சாய்த்தால் மட்டும் மினுக்குகிற உளுந்தளவு மேடு ஒன்று இருந்தது. நிறமில்லாத நெயில் பாலிஷ்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்தார். கல்பனாவின் கையெழுத்து, தெலுங்கில். வயர் சொருகும் பக்கம், கடைசிச் சிப், மேல் மூலை. அதை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை கலைவாணியும் எட்டிப் படித்தாள்.

"நம்முதுதான்," என்றார் நாகையா, தன் கார்டு தனக்கே கிடைத்ததில் ஏமாந்துபோனவர் மாதிரி.

கலைவாணி விரலால் அந்த மேட்டைத் தடவினாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அறுப்பு கோணல் இல்லை. இந்த மேட்டின் மேல் உட்கார்ந்ததால்தான் துண்டு ஆடியிருக்கிறது. ஸ்பிரிட்டுக்கு இது போகாது, கண்ணுக்கும் தெரியாது. துண்டுக்கும் சிப்புக்கும் நடுவில் அவள் அடைத்த தடித்த கம் வழியாகச் சூடு ஏறவே இல்லை. ஏழு சிப் குளிர்ந்து என்ன, ஒன்று கொதித்தால் கார்டு நிற்கத்தான் செய்யும்.

அதை அவரிடம் சொன்னாள். வீட்டம்மா வைத்த அடையாளம்தான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். துண்டு ஆடியபோதே எடுத்துப் பார்த்திருக்கவேண்டும், ரயிலுக்கு ஓடினது என் தப்பு என்பதையும் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேனே, நம்ம பொண்ணு..." என்று ஆரம்பித்தார் வெங்கடரமணன். அலமாரியில் இருந்த கார்டு உண்மையிலேயே நெட் சென்டர் கார்டுதான். அவரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தோடேயே, கை வச்சது நீதானே என்றவரும் இவர்தான் என்பது ஞாபகம் வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

கீழே பேன்சி ஸ்டோரில் பாலிஷ் அழிக்கிற தண்ணீர் வாங்கி வந்து மேட்டைக் கரைத்தாள். கார்டில் ஈரம் உலரும்வரை மின்விசிறியடியில் வைத்தாள். இந்தத் தடவை நடுவில் சூடு கடத்துகிற பேஸ்ட்டும் மூலைகளில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் கம்மும் வைத்து ஒட்டினாள், மறுபடி யாராவது திறக்கச் சொன்னால் சுலபமாகத் திறக்கட்டும் என்று. காய ஒரு ராத்திரி ஆகும், வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். நாகையா வைக்கவில்லை. அலுமினியப் பற்கள் ஆகாயத்தைப் பார்க்கும்படி கார்டை ஒரு அட்டைப்பெட்டியில் கிடத்தி, பாயசக் கிண்ணம் ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திச் சித்தூர் பஸ் ஏறினார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போன் செய்து, நாலு மணி நேரம் நிற்காமல் ஓடியது என்று மட்டும் சொன்னார்.

கலைவாணி கார்த்திகை வரைக்கும் அந்தக் கடையில் இருந்தாள். பிறகு அவளாகவே நின்றுகொண்டாள். சித்தூரில் ஸ்டூடியோக்கள் இருக்கிற சந்திலேயே, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். பாலசுந்தரம் வந்து மேஜையை மட்டம் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். கார்டு மாற்றினவள் என்றோ, முழுகினவள் என்றோ இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை.

முதலில் வந்தது கல்பனாதான், புதுசாக வாங்கின ஒரு கார்டோடு. கைப்பையைத் திறந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். கலைவாணி சிப்பும் பாகமும் இல்லாத கார்டின் ஓரத்தை விரலால் காட்டி, வைப்பதானால் இங்கே மட்டும் வையுங்கள் அக்கா என்றாள்.

கல்பனா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அடையாளம் வைத்தாள். கலைவாணியும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலிஷ் காய்ந்ததும், கார்டை முன்னும் பின்னும் கல்பனா எதிரிலேயே தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.